கரிசலில் ஓர் இரவு: சின்ன மடக்குக் கத்தியை நம்பித் தங்குவதற்கு முழுமையான வழிகாட்டி

தென்காசி மாவட்டத்துக் குருவிகுளத்தைச் சுற்றி எந்தப் பக்கம் நடந்தாலும் மானாவாரிக் கரிசல்தான். ஐப்பசி மழையை நம்பி விதைத்து, தை, மாசியில் அறுவடை முடிந்தால் நிலம் சும்மா கிடக்கும். அப்போது ஆட்டுக்காரர்கள் வந்து கிடை போடுவார்கள். பகலில் மேய்ச்சல், இரவில் ஒரு புஞ்சையில் ஆட்டை மறித்து அங்கேயே படுக்கை. மாதக்கணக்கில் வெட்டவெளியில் வாழும் இவர்களிடம் குழை ஒடிக்கத் தொரட்டியும் அரிவாளும் இருக்கும். மற்ற வேலைக்கெல்லாம் மடியில் கிடக்கும் சின்னக் கத்தி போதும். ஓரிரவு தங்கப் போகிற உங்களுக்கு அந்த அரிவாளும் தேவையில்லை. கட்டை பிளக்க வேண்டிய அவசியம் இல்லை. அடுப்புக்குக் காய்ந்த பருத்திமார் இருக்கிறது, கையால் ஒடியும். பற்றவைக்கப் பனையடியில் விழுந்து கிடக்கும் பன்னாடை இருக்கிறது.

எங்கே தங்குவது

மேற்கே தெரியும் மலைகளில் வனத்துறை அனுமதியில்லாமல் இரவு தங்க முடியாது. கிணறும் பம்புசெட் அறையும் உள்ள தோட்டம் ஒன்றைப் பாருங்கள். "அண்ணாச்சி, இன்னைக்கு ராத்திரி இங்க தங்கிக்கிடலாமா?" என்று பொழுது சாயும் முன்பே கேட்டுவிடுங்கள். ஓலை வெட்டவும் குச்சி ஒடிக்கவும் சேர்த்தே அனுமதி கேளுங்கள். கயிற்றுக் கட்டில் கிடைத்தால் அதில் படுப்பதே நல்லது. கட்டுவிரியன் இரவில் தரையில் தூங்குபவர்களைத்தான் அதிகம் கடிக்கிறது.

என்ன கத்தி வாங்குவது

அலகு ஒரு விரல் நீளம், அதாவது 6 முதல் 8 சென்டிமீட்டர் இருந்தால் போதும். புதியவர்கள் கவனிக்க வேண்டியது பூட்டு. விரித்த அலகு தானாக மடங்காமல் பிடித்து நிறுத்தும் அமைப்பு அது. பிரான்ஸின் ஓப்பினெல் கத்திகள் பலவற்றில் 1955 முதல் இதற்கென்று சுழலும் வளையம் ஒன்று உண்டு. 1897-இல் பதிவு செய்யப்பட்ட சுவிஸ் அதிகாரிகள் கத்தியின் வழிவந்த சின்னக் கத்திகள் பலவற்றில் பூட்டு கிடையாது. வேலை தாராளமாக நடக்கும். ஆனால் முனையால் குத்தி அழுத்தினால் அலகு மடங்கி விரலைப் பதம் பார்க்கும்.

துருப்பிடிக்காத எஃகே முதல் கத்திக்கு ஏற்றது. சாதாரண எஃகில் கூர் ஏற்றுவது எளிது, ஆனால் மாங்காயும் புளியும் பட்டால் கறுத்துப் போகும். ஒவ்வொரு தடவையும் துடைத்தாக வேண்டும்.

கூர் தீட்டுவது

மழுங்கிய கத்திதான் ஆபத்து. அழுத்த வேண்டியிருக்கும், அழுத்தினால் வழுக்கும். சாணைக்கல்லை நனைத்து, அலகின் முதுகை அரை சென்டிமீட்டர் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கல்லின் மேல்தோலைச் சீவுவதுபோல முன்னே தள்ளுங்கள். அந்த உயரம் மாறாமல் இருப்பதுதான் முழு வித்தையும். இரண்டு பக்கமும் சம அளவு. கல் இல்லையென்றால் பீங்கான் கோப்பையைக் கவிழ்த்து, அடியில் மெருகில்லாத சொரசொரப்பான வளையத்தில் தீட்டலாம். பழுத்த தக்காளியின் தோல் அழுத்தாமலே அறுபட்டால் கூர் வந்துவிட்டது.

கயிறு கட்டாமல் எடுத்துப் போகாதீர்கள்

இது கரிசலுக்கே உரிய பாடம். பங்குனி, சித்திரையில் இந்த மண் கை நுழையும் அகலத்துக்குப் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். தவறி விழுந்த கத்தி வெடிப்புக்குள் போய்விட்டால் அதோடு மறந்துவிட வேண்டியதுதான். உள்ளே கைவிட்டுத் துழாவக் கூடாது. பாம்பும் தேளும் வெயிலுக்கு ஒதுங்கும் இடம் அது. ஆகவே கத்தியின் பிடியில் ஒரு முழம் சிவப்பு நூல்கயிறு கட்டி, மறுமுனையை இடுப்பிலோ பையிலோ முடிந்துகொள்ளுங்கள். பகலில் தேடவும் அந்தச் சிவப்பு உதவும்.

மாலை வேலைகள்

உட்கார்ந்து அறுங்கள். முழங்கையை முழங்கால் மேல் ஊன்றி, கத்தி போகும் பாதையில் தொடை இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தொடையின் உட்புறம் பெரிய இரத்தக்குழாய் ஓடுகிறது. கை எட்டும் வட்டத்துக்குள் குழந்தைகள் இருக்கக் கூடாது.

முதலில் நார். பச்சைப் பனைமட்டையின் அடிமுனையில் லேசாகக் கீறி, தோலைப் பிடித்து இழுத்தால் நீளமாக உரிந்து வரும். தார்ப்பாய் கட்ட, பை தொங்கவிட, எல்லாவற்றுக்கும் இந்த நார் தாங்கும். விரல் தடிமனுக்கு மேற்பட்ட குச்சியை ஒரேயடியாக அறுக்கப் பார்க்காதீர்கள். சுற்றிலும் பள்ளமாகச் செதுக்கிவிட்டு ஒடியுங்கள். அலகைக் குச்சியில் வைத்துக் கல்லால் அடித்தால் அன்றோடு மடக்குக் கத்தியின் மூட்டு ஆடிப்போகும்.

பிறகு சாப்பாடு. கம்மங்கூழுக்குச் சின்ன வெங்காயம் உரிக்க, வெள்ளரிக்காய் கீற, காலையில் பல் துலக்க வேப்பங்குச்சி நறுக்க இந்தக் கத்தி போதும். நுங்கு மட்டும் வேண்டாம். அது அரிவாள் பிடித்துப் பழகிய கைக்குரிய வேலை, தோட்டக்காரரிடமே கேளுங்கள்.

இங்கே வந்தவர்கள் கழுகுமலைக்கும் போவார்கள். 8-ஆம் நூற்றாண்டின் வெட்டுவான் கோயிலும் சமணச் சிற்பங்களும் அங்கே இருக்கின்றன. மலையேறும்போது கத்தி பைக்குள்ளேயே இருக்கட்டும். பாறையில் பெயர் கீறி வைத்தவர்களின் வரிசையில் இன்னொரு பெயர் சேர வேண்டாம், அந்தச் சுவடு மறையவே மறையாது.

கத்தியைத் தொடக் கூடாத இரண்டு சமயம்

ஒன்று, காலில் முள் ஏறினால். உடைமுள்ளும் வேலிக்கருவேல முள்ளும் செருப்பைத் துளைத்துக்கொண்டு ஏறும். கத்தி முனையால் தோண்டினால் முள் உடைந்து உள்ளேயே தங்கிவிடும். முள்வாங்கி ஒன்றைக் கத்தியோடு சேர்த்தே வையுங்கள். எடுத்தபின் சோப்புப் போட்டுக் கழுவி, டெட்டனஸ் தடுப்பூசி போட்டு நாளாகியிருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். எருக்கம்பால் வைக்கச் சொல்வார்கள், வேண்டாம். அந்தக் கையோடு கண்ணைத் தேய்த்தால் பார்வைக்கே கேடு.

இரண்டு, பாம்பு கடித்தால். கீறி இரத்தத்தை வெளியேற்றும் பழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. அதனால் விஷம் இறங்காது. கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் கடியில் இரத்தம் உறையாமல் போகும் என்பதால், நீங்கள் போட்ட கீறலே உயிரை வாங்கலாம். இறுக்கிக் கட்டவும் வேண்டாம். கடிபட்ட கால் அசையாமல் பார்த்துக்கொண்டு 108-ஐ அழையுங்கள், அரசு மருத்துவமனைக்குப் போங்கள். விஷமுறிவு மருந்து அங்கே கிடைக்கும்.

கொடுப்பது, துடைப்பது

கத்தியைக் கைக்குக் கை கொடுக்காமல், கீழே வைத்து எடுத்துக்கொள்ளச் சொல்வது நம் வீட்டு வழக்கம். சண்டை வரும் என்பார்கள். வராவிட்டாலும் விரல் தப்பும், அதனால் அப்படியே செய்யுங்கள்.

மழைக்காலத்தில் கரிசல் சேறு மூட்டுக்குள் புகுந்து காய்ந்து இறுகிவிடும். ஈர்க்குச்சியால் நெம்பி எடுத்து, தண்ணீரில் அலசி, நன்றாகக் காயவிட்டு, தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு விடுங்கள்.

ஊர் திரும்பும்போது

9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு ஆயுதச் சட்டவிதிகளுக்குள் வருகிறது; வீட்டு, விவசாய உபயோகத்துக்கானவற்றுக்கு விலக்கு உண்டு. உங்கள் கத்தி அதற்கு வெகு தூரம் கீழே. என்றாலும் ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தில் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நிற்காதீர்கள். பேருந்தில் மடக்கிப் பைக்கு அடியில் போடுங்கள். தூத்துக்குடியிலோ மதுரையிலோ விமானம் ஏறுவதாக இருந்தால் கைப்பையில் வேண்டாம், சரக்கில் அனுப்பும் பெட்டிக்குள் வையுங்கள்.