வேலை நீக்கம்: வழக்கா, வேறு வேலையா?

"ஒரு மாத நோட்டீஸ் கொடுத்தாயிற்று, கணக்குத் தீர்ந்தது" என்று கடைக்காரர்களாகிய நம்மில் பலர் எண்ணுகிறோம். அது சரியன்று. நோட்டீஸ் கொடுத்து விலக்கினாலும் தக்க காரணம் இருக்கவேண்டுமென்று 1981-ல் கூன் குவீ போய் வழக்கில் நமது கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

நீக்கப்பட்டவர் நம் பிள்ளையாகவும் இருக்கலாம். நம் கடைச் சிப்பந்தியாகவும் இருக்கலாம். 1967-ம் வருஷத்துத் தொழில் உறவுச் சட்டம் 20-ம் பிரிவின்படி, நீக்கப்பட்ட 60 நாட்களுக்குள் தொழில் உறவு இலாகாவில் எழுத்து மூலம் முறையிடவேண்டும். சுங்கை சிப்புட்டிலுள்ள நமக்கு ஈப்போவிலேயே அலுவலகம் உண்டு. முதலாளி மனம் மாறுவார், பெரியவர்கள் பேசி முடிப்பார்கள் என்று காத்திருந்தால் நாள் ஓடிவிடும். பிறகு நியாயம் நம் பக்கம் இருந்தும் பயனில்லை.

முதலில் சமரசப் பேச்சு. அங்கே வக்கீலுக்கு இடமில்லை. அது முறிந்தால் தொழில் நீதிமன்றம். 2021 முதல் இதற்கு அமைச்சரின் முடிவை எதிர்பார்க்க வேண்டியதில்லை. வென்றால் பழைய வேலை, அல்லது அதற்கு ஈடான தொகை. விட்டுப்போன சம்பளம் 24 மாதத்திற்கு மேல் கிடையாது.

அதுவரை குடும்பம் பட்டினி கிடப்பதா? வேறு வேலையில் சேர்ந்தாலும் வழக்கு போய்விடாது. அந்த வருமானத்தில் ஒரு பங்கை மட்டும் நீதிமன்றம் கழிக்கும். ஆகவே மனுவைக் கொடுத்துவிட்டே வேறு வேலை தேடலாம். நீக்கிய கடிதம், சம்பளச் சீட்டு இரண்டையும் பத்திரப்படுத்துக. மனுவின் நகலில், பெற்றுக்கொண்ட தேதியுடன் இலாகா முத்திரை வாங்கிக்கொள்க.