திருப்பும்போது டயர் ஏன் உரசுகிறது?

நாமக்கல் மாவட்டத்தில் உள்ள கொல்லிமலைக்கு நீங்கள் போயிருக்கிறீர்களா? அடிவாரமான காரவள்ளியிலிருந்து மேலே ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. அவற்றில் ஒன்றில் ஒரு ஜீப் ஏறுவதாக வைத்துக்கொள்வோம். ஓட்டுநர் ஸ்டியரிங்கை முழுவதும் ஒடிக்கிறார். உடனே முன்சக்கரத்தின் பக்கம் 'கர்ர், கர்ர்' என்று ஓர் ஓசை! நேராக ஓடும்போது அந்த ஓசை இல்லை. சென்ற வாரம்தான் அந்த ஜீப்புக்குப் பெரிய டயர்கள் மாட்டினார்கள்.

டயர் எதன்மீதோ உரசுகிறது என்பது தெளிவு. "உரசும் தகட்டை வெட்டி எறிந்தால் போயிற்று" என்று சிலர் அவசரப்படுவார்கள். பொறுங்கள்! வெட்டுவதற்கு முன் நீங்கள் பள்ளியில் படிக்கும் வடிவியலைக் கொஞ்சம் துணைக்கு அழைப்போம்.

கதவும் கீலும்

பழைய நான்கு சக்கரக் குதிரை வண்டிகளில் முன் அச்சு முழுவதுமே நடுவில் உள்ள ஒரு முளையைச் சுற்றித் திரும்பும். 1817ஆம் ஆண்டில் ஜெர்மனியின் மியூனிக் நகரில் வண்டிகள் செய்துவந்த கியார்க் லாங்கன்ஸ்பெர்கர் என்பவர், ஒவ்வொரு முன்சக்கரமும் தனித்தனி முளையைச் சுற்றித் திரும்பும் அமைப்பை உருவாக்கினார். 1818இல் ருடால்ஃப் ஆக்கர்மன் இங்கிலாந்தில் அதற்குக் காப்புரிமை பெற்றார். இன்றும் அது 'ஆக்கர்மன் அமைப்பு' என்றே அழைக்கப்படுகிறது. அந்த முளைக்குக் 'கிங்பின்' என்று பெயர்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். கிங்பின் டயரின் நடுக்கோட்டில் இல்லை; சற்று உட்புறமாகத் தள்ளி இருக்கிறது. எனவே சக்கரம் பம்பரம்போல் நின்ற இடத்தில் சுழல்வதில்லை. கீலில் மாட்டிய கதவுபோல் வீசித் திரும்புகிறது. உரசலின் இரகசியம் இதில்தான் இருக்கிறது.

செய்து பாருங்கள்

ஓர் அட்டையிலிருந்து 14 செ.மீ. நீளமும் 4 செ.மீ. அகலமும் உள்ள செவ்வகத்தை வெட்டிக்கொள்ளுங்கள். 70 செ.மீ. விட்டமும் 20 செ.மீ. அகலமும் உள்ள டயரை மேலிருந்து பார்த்தால் தெரியும் வடிவம் இது. அளவு மட்டும் ஐந்தில் ஒரு பங்கு. இதை வண்டியின் இடது முன்சக்கரம் என்று கொள்ளுங்கள். அட்டையின் நடுப்புள்ளியிலிருந்து 1 செ.மீ. வலப்புறம் தள்ளி ஒரு குண்டூசியைக் குத்தி, காகிதத்தின்மேல் வையுங்கள். அதுதான் கிங்பின்.

அட்டை நேராக இருக்கும்போது அதன் வலது விளிம்பு ஊசியிலிருந்து 1 செ.மீ. தூரத்தில் இருக்கிறது. இப்போது அட்டையை 30° திருப்புங்கள். உள் மூலை ஊசியிலிருந்து உட்புறமாக ஏறத்தாழ 4.4 செ.மீ. தூரம் வந்துவிடும். உண்மையான டயரில் 5 செ.மீ. என்பது 21.8 செ.மீ. ஆகிறது. நேராக ஓடும்போது உரசாத டயர் திருப்பும்போது மட்டும் உரசுவது ஏன் என்று இப்போது புரிகிறதல்லவா?

வலப்புறம் திருப்பினால் முன் உள்மூலை உள்ளே வரும். இடப்புறம் திருப்பினால் பின் உள்மூலை உள்ளே வரும். அதே சமயம் வெளி மூலைகள் முன்னும் பின்னும் நீண்டு மட்கார்டை எட்டப் பார்க்கும்.

இனி 74 செ.மீ. விட்டமும் 22 செ.மீ. அகலமும் உள்ள பெரிய டயரை அதே இடத்தில் மாட்டுவோம். 30° திருப்பத்தில் உள்மூலை 23.7 செ.மீ. வரை வருகிறது. முன்பைவிட ஏறத்தாழ 2 செ.மீ. அதிகம். அங்கே 1 செ.மீ. இடைவெளிதான் இருந்தது என்றால், டயர் உரசாமல் என்ன செய்யும்? 1941 முதல் 1945 வரை அமெரிக்காவில் ஆறு இலட்சத்துக்கும் மேல் தயாரான போர்க்கால ஜீப்பில் 6 அங்குல அகல டயர்களே இருந்தன. அந்த அளவை மனத்தில் வைத்தே மற்ற இடைவெளிகளும் அமைந்தன.

முதலில் இடத்தைக் கண்டுபிடிப்போம்

நல்ல மெக்கானிக் முதலில் டயரின் உள், வெளி ஓரங்களில் சுண்ணக்கட்டியால் பூசுவார். சமதரையில் வண்டியை மெதுவாக ஊர்ந்துவிட்டு, ஸ்டியரிங்கை இருபுறமும் முழுவதும் ஒடிக்கச் சொல்வார். பிறகு சுண்ணாம்பு எங்கே ஒட்டியிருக்கிறது என்று பார்ப்பார். சேசிஸிலா, பட்டை ஸ்பிரிங்கிலா, மட்கார்டிலா? நோய் எங்கே என்று தெரிந்தால்தானே மருந்து?

டயரில் காற்று சரியாக இருக்கிறதா, சக்கர நட்டுகள் இறுக்கமாக உள்ளனவா என்பதையும் அவர் பார்ப்பார். பட்டை ஸ்பிரிங்கின் நடு போல்ட் முறிந்தால் அச்சே இடம் நகர்ந்துவிடும். அப்போது சரியான அளவு டயரும் உரசும்.

மருந்தும் அதன் விலையும்

ஒன்று: ஸ்டாப்பர் போல்ட். சக்கரம் ஓர் அளவுக்கு மேல் திரும்பாமல் தடுக்கும் போல்ட் இது. இதை வெளியே திருகி, திருப்பக் கோணத்தை 30°இலிருந்து 25° ஆகக் குறைத்தால், பெரிய டயரின் உள்மூலை 21.1 செ.மீ.யிலேயே நின்றுவிடும். உரசல் தீர்ந்தது. ஆனால் விலை என்ன? முன்சக்கரம் வரையும் வட்டத்தின் ஆரம், முன் பின் அச்சுகளுக்கு இடையே உள்ள தூரத்தைத் திருப்பக் கோணத்தின் சைன் மதிப்பால் வகுத்தால் கிடைக்கும். தூரம் 2 மீட்டர் என்றால், 30°இல் ஆரம் 4 மீட்டர், 25°இல் 4.7 மீட்டர். ஒரே வீச்சில் திரும்பிய வளைவில் இனி பின்னால் எடுத்துத்தான் திருப்ப வேண்டியிருக்கும்.

இரண்டு: ஸ்பேசர் வளையம். சக்கரத்தை 3 செ.மீ. வெளியே தள்ளினால் 30° திருப்பத்திலும் உள்மூலை 21.1 செ.மீ.யில் நிற்கும். ஆனால் வெளிமூலை வீசும் வட்டத்தின் ஆரம் 40.3 செ.மீ.யிலிருந்து 41.6 செ.மீ. ஆகும். உள்ளே தீர்ந்த உரசல் மட்கார்டில் தொடங்கலாம். மேலும், டயர் ஒரு கல்லில் 1000 நியூட்டன் விசையுடன் மோதுவதாகக் கொள்வோம். கிங்பினிலிருந்து 5 செ.மீ. தூரத்தில் அது 50 நியூட்டன் மீட்டர் திருப்புத்திறன், 8 செ.மீ. தூரத்தில் 80. ஸ்டியரிங் கையிலிருந்து துள்ளும். பேரிங்குகள் விரைவில் தேயும்.

மூன்று: வண்டியை உயர்த்துவது. பள்ளத்தில் ஸ்பிரிங் அமுங்கும்போது மட்கார்டு டயரில் இடித்தால் இது உதவும். ஆனால் ஜீப்பில் பட்டை ஸ்பிரிங் அச்சோடு சேர்த்தே பிணைக்கப்பட்டிருக்கிறது. எவ்வளவு உயர்த்தினாலும் கிங்பினுக்கும் ஸ்பிரிங்குக்கும் உள்ள இடைவெளி மாறாது. அங்கே ஏற்படும் உரசலும் தீராது. ஈர்ப்பு மையம் உயர்ந்து, சரிவில் வண்டி கவிழும் ஆபத்துதான் கூடும்.

நான்கு: மட்கார்டின் ஓரத்தை மடிப்பது. மெல்லிய தகட்டில் இதைச் செய்யலாம். சேசிஸை ஒருபோதும் வெட்டக் கூடாது. வண்டியின் முதுகெலும்பே அதுதான்.

சிறிய ஓசைதானே என்று விடலாமா?

கூடாது. டயரின் பக்கச்சுவர், தரையைத் தொடும் பகுதியைவிட மெல்லியது. உரசி உரசி இரப்பர் தேய்ந்தால் உள்ளே இருக்கும் இழைகள் அறும். மலைச்சரிவில் முன்டயர் வெடித்தால் என்ன ஆகும் என்று சொல்லவும் வேண்டுமா? முன்சக்கரத்துக்கு அருகிலேயே பிரேக் குழாயும் செல்கிறது. டயர் அதையும் தேய்த்துவிடலாம். பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றியமைப்பதை, நம் நாட்டின் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் தடுப்பதற்கும் காரணம் இல்லாமல் இல்லை.

சரி, கொல்லிமலை ஜீப்புக்கு என்ன செய்யலாம்? ஸ்டாப்பரைத் திருகினால் வளைவில் திரும்பாது; ஸ்பேசர் போட்டால் ஸ்டியரிங் துள்ளும். பழைய அளவு டயரையே மீண்டும் மாட்டுவதுதான் அதற்கு ஏற்ற மருந்து. உரசலும் இல்லை, 4 மீட்டர் வட்டமும் கைவிட்டுப் போகாது.

முடிப்பதற்கு முன் ஒரு கணக்கு: அதே ஜீப்பின் திருப்பக் கோணத்தை 20° ஆகக் குறைத்தால் வட்டத்தின் ஆரம் என்னவாகும்? சைன் 20° மதிப்பு 0.342. விடை கண்டபின், உங்கள் தெருமுனையின் அகலத்தை அளந்து பாருங்கள். அந்த ஜீப் அங்கே ஒரே வீச்சில் திரும்புமா?