அரிப்புக்கு அடுத்த வீட்டு டியூபா? வேண்டாம் தங்கச்சி!

குன்றக்குடி மலையேறி விபூதி பூசிக்கொண்டு, இறங்கும்போது படியிலேயே உட்கார்ந்து முழங்கையைச் சொறிகிறாயே, இங்கே வா. பெரிய மருதுவின் ராஜபிளவைக் கட்டியைத் தீர்த்த முருகன் என்று நம்மூரில் சொல்வார்கள். அந்தச் சண்முகநாதனை வேண்டிக்கொள். கூடவே நான் சொல்வதையும் செய்.

உனக்கு எக்ஸிமாவாக இருக்கலாம். எக்ஸிமா என்றால் தோலின் வேலி பலவீனமாகி, ஈரம் வெளியேறி, சிவந்து அரிப்பது. ஒட்டுவாரொட்டி இல்லை. அதனால் பிள்ளைக்கு வந்தாலும் தனியாகப் படுக்க வைக்காதே.

இடத்தைப் பார், வகை தெரியும்

1. கைக்குழந்தைக்குக் கன்னம், வளர்ந்த பிள்ளைக்கு முழங்கை மடிப்பு, முழங்காலுக்குப் பின்புறம்: பெரியவர்கள் ‘கரப்பான்’ என்பார்கள். வீட்டில் ஆஸ்துமாவோ அடுக்குத் தும்மலோ இருந்தால் வர வாய்ப்பு அதிகம்.
2. விசேஷத்துக்குக் கிலோ கணக்கில் பூண்டு உரிப்பவளா? பூண்டைப் பிடிக்கும் கையின் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் நுனிகள் வெடித்தால் பூண்டைச் சந்தேகப்படு. ஆறும்வரை உரிக்கும் வேலையை வேறு யாரிடமாவது கொடு.
3. கவரிங் தோடு போட்ட காது என்றால் நிக்கல். தலைச்சாயம் பட்ட நெற்றி என்றால் சாயம். ஆத்தங்குடிக் கல் வார்ப்பவர், கொத்தனார் கை என்றால் ஈரச் சிமெண்ட். காரணத்தை விலக்காமல் எந்த மருந்து போட்டாலும் திரும்ப வரும்.
4. நின்றே வேலை பார்த்து நரம்பு சுருண்ட காலில், கணுக்காலுக்கு மேல் கறுத்து அரித்தால் ரத்தம் தேங்குகிறது. களிம்பு மட்டும் போதாது. உட்காரும்போது காலை உயர்த்தி வை, டாக்டரிடம் காட்டு.

இதெல்லாம் எக்ஸிமா இல்லை

- வட்டமாக, ஓரம் மட்டும் தடித்துப் பரவினால் பெரும்பாலும் படர்தாமரை. அது பூஞ்சை.
- ராத்திரியில் வீட்டில் எல்லோருக்கும் அரிப்பு, விரலிடுக்கில் சின்னச் சின்னப் பொரி என்றால் சிரங்கு. எல்லோரும் ஒரே நாளில் மருந்து போட வேண்டும்.

வேலைக்கு நடுவே செய்ய முடிந்தது

- வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடத்துக்குள் குளி. நுரை பொங்கும் சோப்பும், பீர்க்கங்காய் நாரும் வேண்டாம்.
- துண்டால் ஒற்றி எடு, தேய்க்காதே. ஈரம் காய்வதற்குள் வாசனை இல்லாத மாய்ஸ்சரைசரோ வாசலினோ பூசு. குளியலறையிலேயே டப்பாவை வைத்துவிட்டால் மறக்காது.
- காவடிகள் குன்றக்குடியிலிருந்து பழனிக்குக் கிளம்பும் பனிக்காலத்தில் தோல் கூடுதலாக வறளும். அப்போது ஒரு நாளும் விடாதே.
- பிள்ளைக்கு நகத்தை ஒட்ட வெட்டு. பருத்தித் துணி போடு.
- டாக்டர் கொடுத்த களிம்பை, ஆள்காட்டி விரலின் முதல் மடிப்பிலிருந்து நுனி வரை பிதுக்கு. விரல்களோடு சேர்த்து இரண்டு உள்ளங்கை அளவு இடத்துக்கு அது போதும். ‘ஸ்டீராய்டாமே’ என்று பயந்து பாதியில் நிறுத்தாதே, அவர் சொன்ன நாளைத் தாண்டியும் போடாதே.

இதைச் செய்யவே செய்யாதே

- அடுத்த வீட்டு டியூபைக் கடன் வாங்காதே. பல ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-ல் மத்திய அரசே கண்டிப்பாக்கியது சும்மாவா? படர்தாமரை மேல் அதைப் பூசினால் அரிப்பு அடங்கும், பூஞ்சை உள்ளுக்குள் பரவும். முகத்தில் மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்து சிவந்துவிடும்.
- கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றாதே. அந்த நேரம் சுகமாக இருக்கும், ராத்திரி இரட்டிப்பாக அரிக்கும்.
- வெடித்த தோலில் எலுமிச்சை, உப்பு, பூண்டு விழுது அப்பாதே. புண்ணாகிவிடும்.
- ‘கரப்பான் பண்டம்’ என்று கத்தரிக்காய், முட்டை, பால், மீன் எல்லாவற்றையும் பிள்ளைக்கு நிறுத்தாதே. பிள்ளை இளைத்துப்போகும், அரிப்பு போகாது. ஏதாவது ஒன்றைத் தின்றதும் தடித்தால், அதை மட்டும் குறித்துவைத்து டாக்டரிடம் சொல்.

எப்போது ஓட வேண்டும்?

சீழ், மஞ்சள் பொருக்கு, காய்ச்சல், கண்ணருகே தடிப்பு, கொத்துக் கொத்தாக நீர்க்கொப்புளம்: அன்றைக்கே டாக்டரிடம் போ. இரண்டு வாரம் பார்த்தும் அடங்காவிட்டால் காரைக்குடி அரசு மருத்துவமனைக்கோ சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரிக்கோ போய்வா. இதுவரை பூசிய டியூப்களையெல்லாம் ஒரு பையில் போட்டு எடுத்துப்போ. டாக்டர் திட்டுவார் என்று ஒன்றையும் ஒளிக்காதே. எதைப் பூசினாய் என்று தெரிந்தால்தான் அவரால் சரியாகப் பார்க்க முடியும்.