குப்பத்துக்குக் கச்சேரி வருமா?

கேள்வி: மார்கழிக் கச்சேரியும் நாடகமும் சென்னை சபாக்களோடு நின்றுவிடுகின்றனவே, எங்கள் குப்பங்களுக்கு வராதா?
- வாசகர், பழவேற்காடு

பதில்: ஏன் வராது? 2015இல் கர்நாடக இசைப் பாடகர் டி.எம். கிருஷ்ணா, சுற்றுச்சூழல் ஆர்வலர் நித்தியானந்த் ஜெயராமன் ஆகியோரும் ஊர்மக்களும் சேர்ந்து பெசன்ட் நகர் ஊரூர் ஆல்காட் குப்பத்தில் விழா எடுத்தார்கள். மீனவர் தெருவிலேயே மேடை. கர்நாடக இசையும் பரதமும் பறையும் கூத்தும் நடந்தன; டிக்கெட் கிடையாது. உங்களுக்குத் தெற்கே எண்ணூரில்தான் 2017இல் வந்த, கிருஷ்ணா பாடிய ‘சென்னைப் புறம்போக்குப் பாடல்’ படமாக்கப்பட்டது.

நீங்களும் ஊர்ப் பஞ்சாயத்தில் பேசுங்கள். ஆனால் சபா நிகழ்ச்சியை அப்படியே கொண்டுவந்து இறக்க வேண்டாம். முதல் இரவு தெருக்கூத்தாகவே இருக்கட்டும். கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் ஆடி வந்து, கிரீடமும் புஜகீர்த்தியுமாக நிற்கும் ராஜாவையே நையாண்டி செய்வானே, அதற்கு ஈடான நகைச்சுவை எந்த அரங்கிலும் இல்லை என்பது என் கட்சி. கூத்து விடிய விடிய நடக்கும். ஆகவே யார் எந்த நாளில் மீன்பிடிப்பது என்று வகுக்கும் பாடு முறையைப் பார்த்து, ஏரிக்குப் போகிறவர்கள் குறைவாக உள்ள நாளாக வையுங்கள்.

அதுவரை சும்மா இருக்க வேண்டாம்; நீங்களே சென்னை சபாக்களுக்குப் போய் வரலாம். பொன்னேரி வரை பஸ், அங்கிருந்து சென்ட்ரலுக்கு மின்சார ரயில். டிசம்பரில் பல சபாக்களில் பகல் கச்சேரிகளுக்குக் கட்டணம் இல்லை. குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள்.