உல்லாசப் பூங்காவில் ஏழு பேர் பசியாறுவது எப்படி?



வியாபாரிகளாகிய நாம் வருஷம் முழுவதும் கல்லாவை விட்டு நகராதவர்கள். பெருநாளன்றுகூட மாலையில் ஒரு நடை போய்க் கடையைத் திறந்து பார்த்துவிட்டு வந்தால்தான் நமக்குத் தூக்கம் வரும். ஆனால் ஜூன் மாதமும் டிசம்பர் மாதமும் பள்ளி விடுமுறை வந்துவிட்டால், "அத்தா, இந்தத் தடவையாவது எங்களைச் செந்தோசாவுக்குக் கூட்டிப் போவீர்களா?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். பிள்ளைகள் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. இந்த மாதப் பாடம் அதைப் பற்றியதுதான். நுழைவுச்சீட்டைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. அதன் விலை எல்லாருக்கும் தெரியும். பெரியவர் ஒருவருக்கு 80 வெள்ளிக்கு மேல். அது தெரிந்துதான் போகிறோம். நமக்குத் தெரியாமல் கையைக் கடிப்பது சாப்பாட்டுச் செலவு.

முதலில் என் பிழையைச் சொல்லிவிடுகிறேன். 2022 டிசம்பரில் நான், வீட்டார், மூன்று பிள்ளைகள் ஆக ஐந்து பேர் யூனிவர்சல் ஸ்டூடியோஸ் போனோம். காலையில் அவசரத்தில் ஆளுக்கு இரண்டு ரொட்டித்துண்டும் தேநீரும் குடித்துவிட்டுக் கிளம்பினோம். சாப்பாட்டைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. "சாப்பாட்டுக்கா சிங்கப்பூரில் பஞ்சம்?" என்று நினைத்தேன். பதினொன்றரை மணிக்கே பிள்ளைகள் வாடிவிட்டார்கள். உள்ளே ஒரு கடையில் வரிசையில் நின்று விலைப்பலகையைப் பார்த்தபோதுதான் எனக்கு வியர்த்தது. ஒரு தட்டு இருபது வெள்ளியை ஒட்டி இருந்தது. நான்கு தட்டும் ஐந்து பானமும் வாங்கி நூறு வெள்ளித் தாளை நீட்டினேன். திரும்பி வந்தது சில்லறைதான். வீட்டாரிடம் தட்டை நகர்த்தினால், "எனக்குப் பசி இல்லை, நீங்கள் சாப்பிடுங்கள்" என்றார். நானும் நம்பினேன், அல்லது நம்பியது போல இருந்துவிட்டேன். கடைக்குட்டி மீதம் வைத்த நாலு உருளைக்கிழங்குத் துண்டுகளைத்தான் அவர் அன்று பகலில் சாப்பிட்டார். இரவு வீடு திரும்பியதும் வயிற்று எரிச்சலில் உட்காரவும் முடியாமல் படுக்கவும் முடியாமல் அவர் பட்ட பாட்டைப் பார்த்தபோது, நான் மிச்சம் பிடித்த இருபது வெள்ளி யாருடைய வயிற்றிலிருந்து வந்தது என்று விளங்கிற்று.

யோசித்துப் பாருங்கள்: முன்னேற்பாடில்லாத வீட்டில் சிக்கனம் என்பது கடைசியில் தாய்மார் பட்டினி கிடப்பதாகவே முடிகிறது. ஆகவே இந்தக் கணக்கை வீட்டிலேயே போட்டுவிட வேண்டும். வரிசையில் நின்றுகொண்டு போடலாகாது.

உள்ளே விலை கூடுதலாக இருப்பது அக்கிரமம் என்று சிலர் ஏசுகிறார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். மதில் கட்டிய இடத்தில் போட்டி இல்லை. வாடிக்கையாளர் வேறு கடைக்கு நடந்து போக முடியாது. எதிர்க்கடை இல்லாத தெருவில் நமக்கு ஒரு கடை கிடைத்தால் நாம் மட்டும் என்ன செய்வோம்? என் அத்தா ஜாலான் புசாரில் இருந்த நியூ வேர்ல்டைப் பற்றிச் சொல்வார்கள். 1923இல் திறந்து 1987இல் மூடிய பூங்கா அது. இன்று சிட்டி ஸ்குவேர் மால் நிற்கிற இடம்தான். அங்கே உள்ளேயும் உணவுக்கடைகள் பல. மதிலுக்கு வெளியே தெருவெல்லாம் கடைகள். ஒருவன் விலையேற்றினால் அடுத்தவனிடம் போகலாம். ஆகவே விலையை நிர்ணயிப்பது பூங்கா அல்ல, போட்டி. போட்டி இருக்கும் இடத்தில் போய் நாம் சாப்பிட வேண்டும் என்பதே இதிலிருந்து நமக்குக் கிடைக்கிற பாடம்.

இனி நண்பர்கள் சொல்லும் யோசனைகளைப் பார்ப்போம்.

ஒருவர் சொன்னார்: "இடியப்பமும் கறியும் பொட்டலமாகக் கட்டி, பையின் அடியில் வைத்துவிடுங்கள், யார் பார்க்கப் போகிறார்கள்?" வெளி உணவு கொண்டுவரக் கூடாது என்பது அந்தப் பூங்காவின் நிபந்தனை. நம் கடையில் 'விற்ற சாமான் திரும்ப எடுக்கப்படமாட்டாது' என்று எழுதி ஒட்டியிருக்கிறோம்; அதை ஒருவர் தந்திரமாக மீறினால் நாம் சும்மா இருப்போமா? சீட்டு வாங்கினபோதே நிபந்தனைக்கு ஒப்புக்கொண்டுவிட்டோம். பிள்ளைகளின் கண்ணெதிரே ஒளித்துக் கொண்டுபோய், அதே பிள்ளைகளுக்கு அமானிதத்தைப் பற்றிப் பாடம் சொல்ல என்னால் ஆகாது. கைக்குழந்தையின் ஆகாரம் வேறு விஷயம். அதை வாசலில் சொல்லிவிட்டே கொண்டு போகலாம். கலிபோர்னியாவில் 1955இல் திறந்த டிஸ்னிலேண்டிலும், 1983இல் திறந்த டோக்கியோ டிஸ்னிலேண்டிலும், வீட்டுச் சாப்பாடு கொண்டு வருகிறவர்கள் உட்கார்ந்து உண்பதற்காக வாசலுக்கு வெளியே தனி இடமே விட்டிருக்கிறார்கள். மூட்டை கட்டி வருவது நம்மவரின் வழக்கம் மட்டுமல்ல என்பது இதிலிருந்து தெரிகிறது.

கட்டுச்சோற்றில் இன்னொரு சங்கடமும் உண்டு. விடியற்காலை ஐந்து மணிக்குச் சமைத்தது பகல் ஒரு மணிக்கு எட்டு மணி நேரப் பழையது. சமைத்த உணவை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நம் ஊர் வெக்கையில் தேங்காய் சேர்ந்த பண்டம் எதுவும் அவ்வளவு நேரம் தாங்காது. புளிச்சோறு, எலுமிச்சைச்சோறு கொஞ்சம் தாங்கும். அதையும் ஆறவிட்டுக் கட்ட வேண்டும். சூட்டோடு மூடினால் வேர்த்துப்போகும். கறி, முட்டை கண்டிப்பாக வேண்டாம். பூங்காவுக்குள் போகாமல் பலவான் கடற்கரையில் பிள்ளைகளை விளையாட விடும் நாளுக்குக் கட்டுச்சோறு சரி. அன்றும் பத்து மணிக்குள் அவிழ்த்துச் சாப்பிட்டுவிடுவது உத்தமம்.

நிற்க. சென்ற டிசம்பரில் ஊரிலிருந்து என் அக்காவும் மச்சானும் வந்திருந்தார்கள். அவர்களையும் சேர்த்து ஏழு பேர். விருந்தாளியை வைத்துக்கொண்டு, "எனக்குப் பசி இல்லை" என்ற கதை மறுபடி நடக்கக் கூடாது என்று முதல்நாள் இரவே பற்றுவரவு நோட்டில் எழுதினேன்.

காலை எட்டு மணிக்குத் தேக்கா உணவு நிலையத்தில் வயிறு நிறைய ரொட்டி பராட்டாவும் தேத் தாரிக்கும். ஏழு பேருக்கு 28 வெள்ளி. காலைப் பசியாறுதலில் மிச்சம் பிடிக்கவே கூடாது. அங்கே மிச்சம் பிடிக்கிற ஒரு வெள்ளி, உள்ளே ஐந்து வெள்ளியாகப் போகும். பிறகு லிட்டில் இந்தியாவில் எம்.ஆர்.டி. ஏறினால், வண்டி மாறாமல் ஐந்தாவது நிலையம் ஹார்பர்ஃபிரண்ட். விவோசிட்டியின் மூன்றாம் மாடியிலிருந்து தீவுக்கு மோனோ ரயில். ஆளுக்கு 4 வெள்ளி, ஆக 28 வெள்ளி. பிள்ளைகளுக்கு அந்த ரயிலே பாதி விளையாட்டு. அதைக் குறைக்க மனம் வரவில்லை. 1972 வரை பிளாக்காங் மாத்தி என்று பேர் வைத்திருந்த அந்தத் தீவைப் பற்றி மச்சானுக்குக் கதை சொல்லிக்கொண்டே போய்ச் சேர்ந்தோம்.

பகல் பன்னிரண்டரைக்கு வெயில் உச்சி, வரிசைகள் நீளம், பிள்ளைகள் சோர்வு. வாசலில் சொல்லிக் கையில் முத்திரை போட்டுக்கொண்டு வெளியே வந்தோம். முத்திரையும் சீட்டும் இருந்தால் அன்றைக்கே திரும்ப நுழையலாம். தீவிலிருந்து வெளியே வர ரயிலுக்குக் காசு இல்லை. ஹார்பர்ஃபிரண்டில் சாலையைக் கடந்தால் சியா இம் உணவு நிலையம். மலாய்க்காரர் கடைகள் நிறைய. சோறு கறி, மீ சோத்தோ, எல்லாம் நம் வாய்க்குப் பழகியவை. ஏழு பேரும் ஆளுக்கொரு தட்டு, பானத்தோடு, ஏறத்தாழ 50 வெள்ளி. அருகிலேயே தெலுக் பிளாங்கா சாலையில் தெமெங்கோங் டாயேங் இப்ராஹிம் பள்ளிவாசல். லுஹர் தொழுகையும் ஆயிற்று, கால்களுக்கு ஓய்வும் ஆயிற்று. ஒரு எச்சரிக்கை: உணவு நிலையங்களைக் கழுவுவதற்காகச் சில நாட்கள் மூடுவார்கள். தேசியச் சுற்றுப்புற வாரியம் அந்தத் தேதிகளை முன்கூட்டியே வெளியிடுகிறது. பார்க்காமல் ஏழு பேரைப் பசியோடு கூட்டிப்போய்ப் பூட்டிய கடைக்கு முன்னால் நிற்கக் கூடாது.

திரும்பிப் போகையில்தான் வியாபாரக் கண் வேண்டும். மறுபடி ரயில் ஏறினால் மறுபடி 28 வெள்ளி. மிச்சம் பிடித்ததில் பெரும் பங்கு அதிலேயே போய்விடும். விவோசிட்டியின் பக்கத்திலிருந்து கடல் மேல் நடைபாலம் இருக்கிறது. கூரை போட்டது, கட்டணம் இல்லாதது, நகரும் பாதையும் உண்டு. மெதுவாக நடந்தாலும் இருபது நிமிஷத்துக்குள் தீவு. மூட்டுவலி உள்ளவர்களுக்கு 123ஆம் எண் பஸ் தீவுக்குள் போகிறது. அக்காவையும் மச்சானையும் அதில் ஏற்றிவிட்டேன்.

இந்த முறை எல்லாருக்கும் பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும். போய் வர இரண்டரை மணி நேரம் ஆயிற்று. 80 வெள்ளிச் சீட்டில் அதுவும் ஒரு செலவுதான். பெரிய பிள்ளைகள் மட்டும் உள்ள குடும்பமானால் மூன்று பேருக்கு இரண்டு தட்டு என்று உள்ளேயே வாங்கிக்கொள்வது மேல். என் மூத்தவன் அந்த இரண்டரை மணி நேரத்துக்காக இன்னும் என்னிடம் முறைத்துக்கொண்டிருக்கிறான்.

உள்ளே வாங்குகிறவர்களுக்கு இரண்டு விஷயங்கள் சொல்லிவைக்கிறேன். ஒன்று, பானம் வாங்காதீர்கள். தட்டில் கடைக்காரருக்கு அரிசி, கோழி, ஆள்கூலி என்று அடக்கச் செலவு இருக்கிறது. நிறத்தண்ணீரில் பெரும்பாலும் லாபந்தான். இது நம் தொழிலில் உள்ளவர்களுக்குத் தெரியாததல்ல. தண்ணீர்ப் புட்டியைக் கையில் வைத்திருங்கள். உள்ளே குடிநீர்க் குழாய் இருக்கிறது, தீரத்தீர நிரப்பிக்கொள்ளலாம். மேசைக்கு வந்து பரிமாறும் கடையானால், விலைக்கு மேல் நூற்றுக்குப் பத்துச் சேவைக் கட்டணமும், அதன்மேல் 2024 முதல் நூற்றுக்கு ஒன்பது ஜி.எஸ்.டி.யும் சேரும். 20 வெள்ளி என்று எழுதியது பில்லில் 23 வெள்ளி 98 காசாக வரும். அங்காடிக் கடையில் எழுதிய விலைதான் விலை.

மற்றது ஹலால். ஒரே கூரையின் கீழ் ஒரு கடைக்குச் சான்று இருக்கும், அடுத்ததற்கு இராது. 1968இல் அமைந்த முயிஸ் மன்றம் 1978 முதல் ஹலால் சான்று வழங்கி வருகிறது. அந்தச் சான்று அந்தந்தக் கடைக்குத் தனித்தனி. 'பன்றி இல்லை, கொழுப்பு இல்லை' என்று எழுதி வைத்திருப்பது சான்று ஆகாது. போன வருஷம் இருந்த சான்று இந்த வருஷமும் இருக்கும் என்று எண்ணிக்கொள்ளாமல், அன்றைக்கு ஒட்டியிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். பசி வந்தபின் தேடினால் பத்தும் பறந்துபோகும். உள்ளே நுழைந்தவுடனே பார்த்து வைத்துக்கொள்வது நல்லது.

பிள்ளைகளுக்குத் தின்பண்டம் அறவே கிடையாது என்று சொல்லி அவர்கள் முகத்தை வாடவைக்கக் கூடாது. அதற்காகவா இவ்வளவு தூரம் கூட்டி வந்தோம்? காலையிலேயே ஆளுக்கு ஐந்து வெள்ளி கையில் கொடுத்து, "இது உங்களுடையது, என்ன வேண்டுமானாலும் வாங்குங்கள், தீர்ந்தால் தீர்ந்தது" என்றேன். மூத்தவன் உள்ளே போன கால் மணி நேரத்தில் முடித்துவிட்டான். கடைக்குட்டி ஐஸ்கிரீம் கடையைப் பார்க்கும் போதெல்லாம் தாளை எடுத்துப் பார்த்துவிட்டு மடித்து வைத்தான்; மூன்று மணிக்குமேல்தான் வாங்கினான். நடுவள் மட்டும் செலவழிக்கவே இல்லை. அவளிடம் கடையைக் கொடுக்கலாம் என்று மச்சான் சிரித்தார்.

மாலை ஆறரைக்கு வெளியே வந்து, இலவச ரயிலில் திரும்பி, மக்ரிபுக்குப் பிறகு மறுபடி தேக்கா. இரவுச் சாப்பாடு 45 வெள்ளி. சாப்பாட்டுக்கு மட்டும் அன்றைய மொத்தம், பிள்ளைகளுக்குக் கொடுத்த 15 வெள்ளியும் சேர்த்து, 138 வெள்ளி. ஏழு பேரும் இரண்டு வேளை உள்ளே சாப்பிட்டிருந்தால் தட்டுகளுக்கே 280 ஆகியிருக்கும். நோட்டில் கூட்டிக் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். வீட்டார் தன் தட்டைக் காலி பண்ணிவிட்டு என்னைப் பார்த்து, "ஏங்க, எனக்கு இன்னும் ஒரு பராட்டா சொல்லுங்கள்" என்றார். நோட்டை மூடிவிட்டு எழுந்து போய்ச் சொன்னேன். அத்துடன் மொத்தம் 138 என்பது 139 வெள்ளி 50 காசாயிற்று.