கடலோர ஊரில் ஒரு ஓவியக் குழு: நாம் கற்கும் பாடம்



சேமிப்பு, உள்கடன், வங்கி இணைப்பு பற்றியெல்லாம் பாடப் பகுதியில் படித்து வருகிறோம். இந்த முறை கொஞ்சம் வித்தியாசமான ஒரு குழுவைப் பற்றிப் படிப்போம். கடற்கரையில் திறந்த வெளியில் நின்று படம் வரைவதற்காகச் சேர்ந்த குழு இது. "படம் வரையறதுக்கும் நமக்கும் என்னம்மா சம்பந்தம்?" என்று கேட்கத் தோன்றும். கடைசி வரை படியுங்கள், சம்பந்தம் தெரியும்.

எந்த ஊர்?

ஐரோப்பாவில் டென்மார்க் என்று ஒரு சின்ன நாடு. அதன் வடகோடியில் ஸ்காகன் என்ற மீனவ ஊர் இருக்கிறது. அங்கே இரண்டு கடல்கள் வந்து சேருகின்றன. காற்றில் பறந்து வந்த மணல் ஊரின் பழைய தேவாலயத்தையே மூடியதால், 1795-இல் அதைக் கைவிட்டார்கள். 1890 வரை அந்த ஊருக்கு ரயில் கிடையாது. 1907 வரை துறைமுகமும் கிடையாது. மீனவர்கள் மணலிலிருந்தே படகைத் தள்ளிக்கொண்டு தொழிலுக்குப் போனார்கள்.

இந்த ஊருக்கு 1874-இல் மைக்கேல் ஆங்கர் என்ற இளம் ஓவியர் வந்தார். பின்னால் ஒருவர் ஒருவராகப் பலர் வந்தார்கள். 1882-இல் க்ரோயர் என்ற ஓவியர் வந்தார். ப்ரண்டம் குடும்பத்தார் நடத்திய விடுதிதான் இவர்கள் கூடும் இடம்.

வெளியில் வரைவது எப்படி?

முன்பெல்லாம் குழைத்த வண்ணத்தைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டி வைப்பார்கள். வெளியே எடுத்துப் போவது கஷ்டம். 1841-இல் வண்ணத்தைத் தகர டியூபில் அடைக்கும் முறை வந்தது. அதன் பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கே வேண்டுமானாலும் போக முடிந்தது.

ஆனால் வெயில் ஒரே இடத்தில் நிற்காதே! காலையில் இருந்த நிழல் மதியம் இருக்காது. அதனால் மறுநாளும் அதே நேரத்துக்கு, அதே இடத்துக்கு வர வேண்டும். பெரிய படம் என்றால், வெளியில் சின்னதாக வரைந்து பார்த்து, உள்ளே கொண்டு போய்ப் பெரிதாக முடிப்பார்கள்.

எதை வரைந்தார்கள்? வலை, படகு, மீனவர்கள், கடற்கரையின் மாலை வெளிச்சம். மைக்கேல் 1880-இல் முடித்த ஒரு படத்தில் மீனவர்கள் கரையில் நின்று கடலைப் பார்க்கிறார்கள். படகு படத்திலேயே இல்லை. அது கரை சேருமா என்ற தவிப்பு அவர்கள் முகத்தில் இருக்கிறது. கடலுக்குப் போனவரை எதிர்பார்த்துக் காத்திருந்த நம் சகோதரிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அன்னா என்ற பெண்

அந்த விடுதிக் குடும்பத்தில் 1859-இல் பிறந்தவர் அன்னா. குழுவின் முக்கிய ஓவியர்களில் அந்த ஊரிலேயே பிறந்தவர் இவர் ஒருவர்தான். அரசுக் கலைக் கல்லூரியில் 1888 வரை பெண்களைச் சேர்க்கவில்லை. அதனால் தலைநகரில் பெண்களுக்கு என்று இருந்த ஒரு தனியார் பள்ளியில் மூன்று வருடம் படித்தார்.

1880-இல் மைக்கேலை மணந்தார். 1883-இல் மகள் பிறந்தாள். கல்யாணம் ஆன பெண் வீட்டைத்தான் பார்க்க வேண்டும் என்று நினைத்த காலம் அது. அன்னா வரைவதை விடவில்லை. அடுப்படியில் நிற்கும் வேலைக்காரப் பெண், கண் தெரியாத மூதாட்டி, வயலில் அறுவடைக்குப் போகிறவர்கள், ஜன்னல் வழியாகச் சுவரில் விழும் வெயில் என்று தான் அன்றாடம் பார்த்ததையே வரைந்தார்.

அதே குழுவில் மரீ என்று இன்னொரு பெண். அவரும் நன்றாக வரைபவர். 1889-இல் க்ரோயரை மணந்தார். அதன் பிறகு அவர் வரைந்தது மிகக் குறைவு. இரண்டு பேருக்கும் ஒரே ஊர், ஒரே குழு. இருவர் கணவரும் ஓவியர்தான். ஒருவர் தொடர்ந்தார், இன்னொருவர் கை ஓய்ந்தது. ஏன் என்று நாம் யோசிக்க வேண்டும்.

குழுவாக என்ன செய்தார்கள்?

மாலையில் கூடி ஒருவர் படத்தை ஒருவர் பார்த்து நிறை குறை சொன்னார்கள். விடுதியின் சாப்பாட்டு அறைச் சுவர் முழுக்கப் படங்கள் சேர்ந்தன. அவை வெளியே சிதறிப் போகாமல் ஊரிலேயே இருக்க வேண்டும் என்று 1908-இல் ஓர் அருங்காட்சியகம் தொடங்கினார்கள். தொடங்கியவர்களில் அன்னாவின் அண்ணனும் ஒருவர். 1946-இல் அந்தச் சாப்பாட்டு அறையே அருங்காட்சியகத்தோடு சேர்ந்தது. அன்னாவின் வீட்டையும் 1967 முதல் மக்கள் பார்க்கலாம். 1998-இல் டென்மார்க் வெளியிட்ட 1000 குரோனர் நோட்டில் அன்னா, மைக்கேல் இருவர் முகமும் இருந்தது!

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

1. நம் அடுப்படியும் வயலும் வலையும் பார்க்கத் தகுந்தவை. அதை வரையவும் எழுதவும் வெளியூர்க்காரர்தான் வர வேண்டும் என்பதில்லை.

2. தொடங்கப் பெரிய செலவு வேண்டாம். அடுப்புக்கரி, காவி, சுண்ணாம்பு, பழைய காகிதம் போதும். வாரத்தில் ஒரு நாள், ஒரே நேரம், ஒரே இடம் என்று வைத்துக்கொண்டால் பழக்கம் தானே வரும்.

3. செய்ததைக் குழுவில் காட்ட வேண்டும். பார்க்க நாலு பேர் இருந்தால்தான் கை ஓயாது.

4. செய்தது ஊரில் தங்க வேண்டும். கூட்டம் நடக்கும் கட்டடத்தின் ஒரு சுவரை அதற்கு ஒதுக்கலாம்.

கூட்டத்தில் பேசுங்கள்

• "கல்யாணம் ஆயிடுச்சு, இனிமே எதுக்கு?" என்று தையல், பாட்டு, படிப்பு, படம் வரைவதை விட்டவர்கள் நம் குழுவில் யார் யார்?

• அவர்கள் மறுபடி தொடங்க வீட்டில் என்ன ஆதரவு வேண்டும்? குழு என்ன செய்யலாம்?

பேசி முடித்ததைத் தீர்மான நோட்டில் எழுதுங்கள். அடுத்த கூட்டத்தில் எத்தனை பேர் தொடங்கினார்கள் என்று பார்ப்போம்!