வெட்சிக்கு எத்தனை இதழ்?

வெட்சித் திணை என்றால் என்ன என்று கேட்டால், தமிழ் படித்த மாணவர் எவரும் தயங்காமல் பதில் சொல்வார். பகைவரின் ஆநிரைகளைக் கவரச் செல்லும் வீரர் வெட்சிப் பூவைச் சூடிச் செல்வர். தேர்வுக்கு இது போதும். ஆனால், அந்த வெட்சி நம் விடுதி வாசலில் வேலிச்செடியாக நிற்கிறது என்றால் பலரும் வியக்கின்றனர். பாட்டிமார் அதனை இட்லிப் பூ என்பர், மலாயில் சியாந்தான், தாவர நூல்களில் இக்சோரா. பெயரைப் பாடநூலில் படித்துவிட்டுப் பூவைப் பார்க்காமலே கடந்து போகிறோம். இரண்டையும் இணைப்பவை படங்களுடன் கூடிய களக் கையேடுகள். அவற்றைப் பயன்படுத்தும் முறையை நம் வளாகத்துப் பறவைகள், பூக்கள் சிலவற்றைக் கொண்டே விளக்க விழைகிறேன்.

ஒரு காலத்தில் பறவையை இனங்காண வேண்டுமானால் அதனைச் சுட்டு வீழ்த்தி, கையில் வைத்து அளந்து பார்ப்பதே வழக்கம். அமெரிக்க ஓவியர் ரோஜர் டோரி பீட்டர்சன் 1934இல் வெளியிட்ட கையேடு இவ்வழக்கத்தை மாற்ற உதவியது. ஒத்த தோற்றமுள்ள பறவைகளை ஒரே பக்கத்தில், ஒரே நிலையில் வரைந்து, வேறுபடும் இடத்தைச் சிறு கோட்டினால் சுட்டிக் காட்டினார். பாடம் முழுவதும் அந்தச் சிறு கோட்டில்தான் இருக்கிறது. நிழற்படம் ஒரு பறவையை ஒரு நொடியின் வெளிச்சத்தில் காட்டுகிறது. ஓவியர் பல பறவைகளைப் பார்த்து, பொதுவான அடையாளத்தை வரைகிறார். கைப்பேசிச் செயலிகள் பெருகிவிட்ட இந்நாளிலும் நான் ஓவியக் கையேட்டையே விரும்புவதற்கு இதுவே காரணம்.

உணவகத்து மேசைகளுக்கு இடையே நடமாடும் மைனாக்களை எடுத்துக்கொள்வோம். பழைய இலக்கியம் நாகணவாய் என்று குறிக்கும் பறவை இதுவே என்பர். இங்கே இரு வகை உண்டு. உடல் பழுப்பாகவும் கண்ணைச் சுற்றி மஞ்சள் தோலும் இருந்தால் அது சாதாரண மைனா. உடல் கருஞ்சாம்பலாக, மஞ்சள் தோல் இல்லாமல், அலகின் மேல் சிறு கொண்டை இருந்தால் அது ஜாவா மைனா. பறக்கும்போது இரண்டின் சிறகிலும் வெள்ளை தெரியும்; ஆகவே, அதை வைத்து முடிவு செய்ய இயலாது.

மாங்குயில் இன்னும் சுவையானது. தமிழ்நாட்டில் காணும் மஞ்சள் மாங்குயிலுக்குக் கண் வழியே செல்லும் கருங்கோடு கண்ணுக்குச் சற்றுப் பின்னால் நின்றுவிடும். நம் நாட்டு மாங்குயிலுக்கோ அக்கோடு பிடரி வரை சென்று இரு புறமும் இணைந்துவிடும். சாலிம் அலி 1941இல் வெளியிட்ட இந்தியப் பறவைகள் நூல் எவ்வளவு சிறந்ததாயினும், இங்குள்ளவற்றைக் காண அது மட்டும் போதாது. ஆலன் ஜெயராஜசிங்கம் எழுதி, ஆலன் பியர்சன் ஓவியம் தீட்டிய மேற்கு மலேசிய, சிங்கப்பூர்ப் பறவைகள் கையேடு 1999இல் வந்தது. 2012இல் மறுபதிப்பும் கண்டது. அது ஆங்கில நூல்.

பூக்களுக்கு வருவோம். பல கையேடுகள் பூக்களை நிறவாரியாக அடுக்கியிருக்கும். புதியவருக்கு அது எளிது. ஆனால் வெட்சியினம் சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், வெள்ளை என எல்லா நிறத்திலும் பூக்கிறதே! எனவே நிறத்தை விட்டுவிட்டு இதழை எண்ணுங்கள். ஊசி போன்ற நீண்ட குழாயின் முனையில் நான்கு இதழ்கள். இலைகள் எதிரெதிராக இருக்கும். இரு காம்புகளுக்கும் நடுவே சிறு செதில். இவை காப்பிச் செடியின் குடும்ப அடையாளங்கள். அதே குடும்பத்துப் பென்டாஸ் செடியும் கொத்தாகவே பூக்கும், ஆனால் இதழ் ஐந்து. இன்னும் நெருங்கிப் பாருங்கள். இதழ் நுனி கூராக இருந்தால் பெரும்பாலும் வெட்சியே. மழுங்கியிருந்தால் அதன் சீனத்து உறவு. வேலிகளில் கலப்பினங்களும் உண்டு என்பதால் அவசரப்பட வேண்டாம்.

கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களைப் பெயர் சொல்லி அடுக்கினார். அவற்றுள் சில இன்றைய எந்தச் செடி என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. பெயர் ஏட்டில் பத்திரமாக இருக்க, பூவைச் சுட்டிக்காட்டும் விரல் இடையில் எங்கோ விடுபட்டுவிட்டது. நம் தலைமுறையில் மைனாவுக்கும் மாங்குயிலுக்கும் அந்நிலை வரக்கூடாது என்பதே என் கவலை. வளாகத்தில் காணும் முப்பது பறவைகள், முப்பது பூக்களுக்குத் தமிழ்ப்பெயரோடு ஒரு சிறு கையேட்டை நம் மாணவர்களே வரைந்து வெளியிடலாம். ஓவியம் தெரிந்தவர் நம்மிடையே இல்லாமலா போவர்?

தொடங்க விரும்புவோர்க்கு ஒரே ஒரு நடைமுறை: நூலைத் திறக்குமுன் பார்த்ததை எழுதிவிடுங்கள். அளவு, அலகு, கண்ணோரம், வாலடி என்ற வரிசையில் குறித்தால் போதும். படத்தை முதலில் பார்த்தால், பார்க்காததையும் பார்த்ததாக மனம் சொல்லும்.

என் பிரதியின் ஓரங்களில் தமிழ்ப்பெயர்களைப் பென்சிலால் எழுதி வருகிறேன். குண்டுக்கரிச்சான், தேன்சிட்டு, புள்ளிப்புறா எனப் பல எளிதில் கிடைத்தன. விடுதித் தோட்டத்தில் நாள்தோறும் கூவும், வாலடி மஞ்சளான கொண்டைக்குருவி தமிழ்நாட்டில் இல்லாத பறவை. அதற்கு இப்போதைக்கு ‘மஞ்சளடிச் சின்னான்’ என்று எழுதி, பக்கத்தில் கேள்விக்குறி இட்டிருக்கிறேன். இதைவிட நல்ல பெயர் வைத்திருப்போர் தெரிவிக்கலாம். அழிப்பான் கைவசம் உள்ளது.